அடியில் ஓர் உறுமல்

தனிஸ்லாஸ் பெடலை மறுபடியும் மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டாரின் மெல்லிய கம்பியில் ஒரு நோட்டைப் பிடித்து, விரலால் கம்பியை மேலே தள்ளினார். அறைக்குள் ஒரு பெரிய வண்டு சுற்றுவது போல ஒலி எழுந்தது.

"இதுவா?" என்று கேட்டார் ஜெசிந்தா டீச்சர்.

"இல்ல."

"அடுத்ததுக்குப் போங்க."

தனிஸ்லாஸ் குனிந்து பெடலின் நடுத்திருகை ஒரு கட்டம் நகர்த்தினார். இந்த முறை கோடித் துணியைக் கிழிப்பது போல வந்தது.

கீழே மாவு மில்லின் மெஷின் சட்டென்று நின்றது. மில்காரர் படிக்கட்டடியிலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர்! பெல்ட்டு அறுந்துடுச்சோன்னு மெஷின நிறுத்திட்டேன். உங்க வேலையா?"

"எங்க வேலைதாண்ணே. நீங்க ஓட்டுங்க."

"இதைத் துட்டு குடுத்து வேற வாங்குறாங்களா?"

டீச்சர் சிரித்தார். மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக மாவு மெல்ல எழுந்து வந்து புதுப் பெடலின் மேல் படிந்தது. தனிஸ்லாஸ் அதைக் கட்டைவிரலால் துடைத்தார்.

ஃபஸ் பெடல் என்பது கிட்டாரின் சுத்தமான ஒலியை வாங்கி, கரகரப்பாக்கி, நீட்டித் தருகிற பெட்டி. சாதாரணமாக ஒரு பெடலுக்கு ஒரு குரல்தான் உண்டு. இது எட்டுக் குரல் பேசும். ஆறு குமிழ்களும் ஒரு நடுத்திருகும் இருந்தன. இதுவரை உலகில் வந்த ஃபஸ் எல்லாம் இதற்குள் அடக்கம் என்று கூடவந்த துண்டுத்தாளில் போட்டிருந்தது. தனிஸ்லாஸ் அதைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, உறை பிரிக்காமல் டீச்சரிடம் கொண்டுவந்திருந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் அவருடைய மகளைவிட இரண்டு வயது இளையவர். மில்லின் மாடியில் கிட்டார் சொல்லித்தருவார், பழுதான ஆம்ப்ளிஃபயர்களைச் சரிசெய்வார். ஐந்து மாதத்துக்கு முன் தனிஸ்லாஸ் படியேறி வந்து, "எனக்கு லீடு வாசிக்கக் கத்துக்குடுங்க டீச்சர்" என்று கேட்டபோது, டீச்சர் அவருடைய இடது கையை வாங்கி விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு கல்லாக இருந்தது.

"இத்தனை வருஷம் என்ன வாசிச்சீங்க அங்கிள்?"

"ரிதம். பாட்டுக்கு அடியில கார்டு போட்டுக்கிட்டே போறது. அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல."

லூர்து மெலடீஸ் மெல்லிசைக் குழுவில் முப்பத்தோரு வருஷம் அதைத்தான் செய்தார். மெட்டை எடுத்து லீடு வாசித்தது ரெமிஜியுஸ். ஊர் அவரை ரெமி என்று கூப்பிடும்.

எந்தக் கச்சேரியானாலும் குழு ரெமி கட்டிய மெட்டில்தான் தொடங்கும். பாட்டு கிடையாது, இசை மட்டும். மூன்றரை நிமிஷம். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. ரெமி சின்ன வயதில் மேண்டலின் கற்றவர். அதனால் கடைசி நோட்டை ஒரு தரம் மீட்டி விட்டுவிட மாட்டார். மேலும் கீழுமாக விடாமல் மீட்டிக்கொண்டே அரை நிமிஷம் நிறுத்துவார். கோயில் மைதானத்தில் பஜ்ஜி சுடுகிறவர்கூட அப்போது கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பிப்ரவரியில் ரெமிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

"அடுத்தது" என்றார் டீச்சர்.

ஐந்தாவது குரல் தகர டப்பாவுக்குள் குளவி. ஆறாவது, தொண்டை கட்டிய ஆம்பளை. ஏழாவது நன்றாக இருந்தது. கொழகொழவென்று, தேன் ஊற்றுவது மாதிரி. டீச்சர்கூடத் தலையாட்டினார்.

"அழகா இருக்கே அங்கிள்."

"அழகாத்தான் இருக்கு. அது இல்ல."

எட்டாவதையும் கேட்டார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு குரலுக்கும் ஆறு குமிழ்களையும் திருகிப் பார்த்தார்கள். தனிஸ்லாஸின் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. பதினோரு மணி வெயில் தகரக் கூரையில் இறங்கியிருந்தது.

டீச்சர் மண்பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"எப்படி இருக்கும்னு சொல்லுங்க. பேர் வேண்டாம். எப்படி இருக்கும்?"

தனிஸ்லாஸ் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மேல நோட்டு நிக்கும். அது எல்லாரும் கேட்கிறது. அதுக்கு அடியில ஒண்ணு உறுமும் டீச்சர். ஏதோ பெரிய மிருகம் தூக்கத்துல புரண்டு படுக்கிற மாதிரி. அவன் கம்பியத் தள்ளத் தள்ள அதுவும் இடம் மாறும். எனக்குப் பல்லு கூசும். நெஞ்செலும்புல வந்து உட்காரும்."

"அதை நீங்க வாசிக்கணும்னு எப்பத் தோணுச்சு?"

"எட்டாம் தேதி திருவிழாக் கச்சேரி. குழுவுல என்னைத்தான்..."

"அது இல்ல. எப்பத் தோணுச்சு?"

தனிஸ்லாஸ் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"மொத நாளே. நாலாயிரம் பேரு அண்ணாந்து பாக்குறான். நான் பக்கத்துல நிக்கிறேன். ஒரு தடவை என்கிட்ட குடுடா ரெமின்னு கேட்கணும். கேட்டா குடுத்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன். அதனாலேயே கேட்கல."

"இப்பத்தான் அவரே குடுத்துட்டாரே."

"குடுத்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கிடக்கு, அந்த வாயால 'தனிஸ் வாசிக்கட்டும்'னு சொன்னான். அதுக்கப்புறம் நான் அவன் வீட்டுப் பக்கமே போகல."

டீச்சர் காலித் தம்ளரை வாங்கிப் பானையின் மேல் கவிழ்த்தார்.

"எட்டாம் தேதி அவனை நாற்காலியோட தூக்கிட்டு வந்து முன்வரிசையில வைக்கிறாங்க டீச்சர். மேடை ஏற முடியாதுல்ல. அங்க உட்கார்ந்து கேட்பான்."

"கேட்கட்டுமே."

"அந்தச் சத்தம் வரலேன்னா? நீ போயிட்டடான்னு அவன் மூஞ்சிக்கு நேரா நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

கீழே யாரோ கேழ்வரகு கொண்டுவந்திருந்தார்கள். மில்லின் ஒலி மாறியது.

டீச்சர் மேஜையிழுப்பறையைத் திறந்து ஒரு பழைய டிபன் டப்பாவை எடுத்தார். அதன் மூடியில் ஒரு சுவிட்சு, பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். ரெமிக்கு ஒரு ரேடியோ மெக்கானிக் செய்துகொடுத்த ஃபஸ். போன வாரம் தனிஸ்லாஸ்தான் அதைக் குழுவின் சாமான் பெட்டியிலிருந்து கொண்டுவந்து தந்தார். உள்ளே எல்லாம் பச்சைக் களிம்பு ஏறிச் செத்துப்போயிருந்தது.

"இதைப் பிரிச்சுப் பார்த்துட்டேன். ரெண்டே டிரான்சிஸ்டர். உங்க புதுப் பெடல்ல ரெண்டாவது குரல் அச்சு அசல் இதே சர்க்யூட்டுதான்."

"ரெண்டாவதையும் கேட்டோமே. அது கோடித் துணி."

"ஆமா."

"இது அதேதான்னா, இதுல வரணும்ல?"

"வரணும்."

"வரலியே. அப்ப அந்தச் சத்தம் எங்கதான் டீச்சர் இருக்கு?"

டீச்சர் டப்பாவை மூடினார்.

"கடைசி நோட்டு நிக்கிறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா?" தனிஸ்லாஸுக்குக் கேள்வி புரியவில்லை. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "நான் அவன் பக்கத்துல நிப்பேன்."

"நின்னுக்கிட்டு?"

"எனக்கு என்ன வேலை இருக்கு? கார்டெல்லாம் முடிஞ்சிருக்கும். டிரம்ஸ்காரன் குச்சியக் கீழ வச்சுட்டு மூஞ்சி துடைப்பான். ஆரம்பத்துல நானும் சும்மாதான் நின்னேன். ரெமிதான் திட்டினான். மரம் மாதிரி நிக்காதடா, சனம் பாக்குது, அந்தத் தடிச்ச கம்பியையாவது தட்டிக்கிட்டு நில்லுன்னான். தட்டிக்கிட்டு நிப்பேன்."

"உங்க கிட்டார் எந்த ஆம்ப்ளிஃபயர்ல சொருகியிருக்கும்?"

"எந்த ஆம்ப்ளிஃபயரா?" தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்ககிட்ட இருந்ததே ஒண்ணு. அதுலயும் ஒரு ஓட்டைதான் பேசும். ரெண்டு கிட்டார் வயரையும் ஒரே பின்னுல பற்ற வச்சு, அதை ரெமி பெட்டியில சொருகி, அங்கேருந்து ஆம்ப்ளிஃபயர். மத்த குழுக்காரனுங்க கேலி பண்ணுவானுங்க. ஒரே தொட்டியில ரெண்டு மாடு வாய் வைக்குதும்பானுங்க."

"அப்ப அவர் பெட்டிய மிதிச்சா உங்க கார்டும் கரகரக்குமே."

"அதனாலதான் அவன் காலைத் தூக்குறப்பவே நான் கையை எடுத்துடுவேன். பழக்கம். அந்தக் கடைசி நோட்டு ஒண்ணுக்குத்தான் எடுக்க மாட்டேன்."

"அந்த வயர் இருக்கா?"

"வண்டிப் பெட்டியிலதான் கிடக்கு. பணிமனையில நான் பற்ற வச்சது. இன்னும் விடல."

"எடுத்துட்டு வாங்க."

தனிஸ்லாஸ் இறங்கிப் போய் ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்தார். வயர் மேல் பனியன் துணியும் ஸ்பானரும் கிடந்தன. ஒரு பின்னிலிருந்து இரண்டு வாலாகப் பிரிகிற கறுப்பு வயர். மேலே கொண்டுவந்து தந்தபோது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எட்டுக் குரல் பெடலுக்குப் பக்கத்தில் அது எலிவால் மாதிரி இருந்தது.

டீச்சர் அதைப் பெடலில் சொருகினார். ஒரு வாலை அவரிடம் தந்தார். இன்னொரு வாலைத் தன் கிட்டாரில் சொருகிக்கொண்டு, நடுத்திருகை இரண்டாவது குரலில் வைத்தார்.

"நான் கடைசி நோட்டைப் பிடிக்கிறேன். நீங்க உங்க பழைய வேலையைப் பாருங்க."

"மரமாட்டம் நிக்கவா?"

"அதுக்கு அடுத்தது."

டீச்சர் பெடலை மிதித்து நோட்டைப் பிடித்தார். மேலும் கீழுமாக விடாமல் மீட்டினார். கோடித் துணி நீளமாகக் கிழிந்துகொண்டே போனது. தனிஸ்லாஸ் தடித்த கம்பியை வழக்கம்போலக் கட்டைவிரலால் தட்டினார்.

பல் கூசியது.

அவர் கையை எடுத்துவிட்டார். டீச்சரின் நோட்டு அப்படியே நின்றது, அடியில் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். அது எழுந்து வந்தது. டீச்சர் கம்பியை மேலே தள்ளினார், அது புரண்டு படுத்தது. கையை எடுத்தார், போயிற்று. தட்டினார், வந்தது. ஜன்னல் கம்பியில் சாத்தியிருந்த தட்டு கிணுகிணுத்தது.

டீச்சர் நிறுத்தியபோது மில்லும் நின்றிருந்தது. மில்காரர் இந்த முறை கூப்பிடவில்லை.

"ரெண்டு நோட்டும் ஒரே ஃபஸ்ஸுக்குள்ள உரசினா மூணாவதா ஒண்ணு வரும்" என்றார் டீச்சர்.

"இது ரெமிக்குத் தெரியுமா டீச்சர்?"

"மரம் மாதிரி நிக்காதேன்னு சொன்னது யாரு?"

தனிஸ்லாஸ் தன் கிட்டாரின் தடித்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது துருப்பிடித்து, நடுவில் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது.

"அப்ப நானே ரெண்டையும் வாசிச்சுட்டா? தடிச்ச கம்பி என் கிட்டார்லயும் இருக்குல்ல."

"வாசிச்சுப் பாருங்க."

அவர் முயன்றார். மெல்லிய கம்பியை விடாமல் மீட்டிக்கொண்டிருந்த வலது கை தடித்த கம்பிக்குப் போனதும் நோட்டு அறுந்தது. திரும்பி வந்ததும் உறுமல் அறுந்தது. கம்பியை மீட்டும் பிக்கை மூன்று விரலில் மாற்றிப் பிடித்துப் பார்த்தார். ஏழெட்டுத் தடவை ஆனது.

"வலது கை இன்னொண்ணு வேணும் போலருக்கே" என்றார்.

"ஆமா" என்றார் டீச்சர்.

தனிஸ்லாஸ் நெற்றி வேர்வையைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க வந்துடுங்க டீச்சர். எட்டாம் தேதி. நான் ரெமியோட இடத்துல நிக்கிறேன், நீங்க என் இடத்துல நில்லுங்க."

"வர்றதுக்கு என்ன. மொதல்ல ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பார்த்துடுவோம். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கங்க. ரெமி அங்கிள் எப்படி நிப்பார்?"

"ஆம்ப்ளிஃபயரப் பார்த்து. கண்ண மூடிக்குவான்."

"அப்படியே நில்லுங்க."

தனிஸ்லாஸ் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் ஒலி கேட்டது. கண்ணை மூடினார்.

முப்பத்தோரு வருஷம் அடியிலிருந்து கேட்ட மெட்டு. அதை மேலே நின்று வாசித்தார். இரண்டு இடத்தில் விரல் சறுக்கியது. நிறுத்தவில்லை. கடைசி வரி வந்தது. காலைத் தூக்கிப் பெடலை மிதித்து நோட்டைப் பிடித்தார்.

அடியிலிருந்து அது எழுந்து வந்தது.

அவர் கம்பியைத் தள்ளினார், அது நகர்ந்தது. விட்டார், அது திரும்பி வந்து நெஞ்செலும்பில் உட்கார்ந்தது. அரை நிமிஷம் கடந்துவிட்டது. அவரால் நிறுத்த முடியவில்லை. எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த இடம் இதுதான். அங்கே நின்றுகொண்டு, பக்கத்தில் இரண்டடி தள்ளி நிற்கும் வேறு யாரையோ அவர் காது தேடிக்கொண்டிருந்தது. கை ஓயும்வரை மீட்டினார்.

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொண்டு திரும்பினார்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கிட்டார் மடியில் மல்லாக்கக் கிடந்தது. மற்ற ஐந்து கம்பிகளுக்கும் அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகியிருந்தார். வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பியின் மேல் இருந்தது. இடது கை கிட்டாருக்கு வெளியே, தொடையோரமாக, தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வாசிச்சீங்க டீச்சர்?"

"தடிச்ச கம்பி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

தனிஸ்லாஸ் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இந்தத் துணி எதுக்கு?"

"மத்த கம்பியெல்லாம் கூடச் சேர்ந்து கத்தாம இருக்க."

"அதை இடது கையால அமுக்கிக்கலாமே. துணி எதுக்கு?"

"ரெமி அங்கிள் எதால அமுக்குவார்?" என்றார் டீச்சர்.

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார். தொங்கிக்கொண்டிருந்த அந்த இடது கையைப் பார்த்தார். கீழே மில்காரர் யாரிடமோ சலித்துக்கொண்டே மெஷினைப் போட்டார். பலகைத் தரை அதிரத் தொடங்கியது.

அவர் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் போனார். ஆணிகளில் வயர்கள் சுருள் சுருளாகத் தொங்கின. இருப்பதிலேயே நீளமானதை இறக்கி, ஒரு நுனியைக் காலடியில் மிதித்துக்கொண்டு, மேடையிலிருந்து முன்வரிசை நாற்காலி வரை எட்டுமா என்று முழம் போட ஆரம்பித்தார்.